வால் பொங்கின ஃபியட்

"சாக்கு எத்தன ஏறும் சாரே?" என்று அந்த ஆள் குரலைத் தாழ்த்திக் கேட்டபோது, காந்திமதிநாதன் முற்றத்தில் நின்று காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சாக்கு?"

"அரிசிச் சாக்குதான். பன்னெண்டு ஏறுமா? டிரிப்புக்கு என்ன கேக்கிய?"

"எலே, எறங்குலே வெளிய!"

அந்த ஆள் இறங்கிப் போனான். கேட்டைத் தாண்டியதும், "பெறவு எதுக்காக்கும் வாலப் பொக்கி வச்சிருக்காரு?" என்று தெருவுக்குப் பொதுவாகக் கேட்டுவிட்டுப் போனான். அந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் அவன் நான்காவது.

கொல்லயில் ஊர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் அரிசி விலை குறைவு, இந்தப் பக்கம் கூடுதல். ஆகவே அரிசி காரில் ஏறி வரும். பன்னிரண்டு சாக்கு ஏற்றினால் எந்தக் காரும் பின்பக்கம் அமுங்கிப் போகும், செக்போஸ்ட்காரன் அரை பர்லாங்குக்கு அப்பால் இருந்தே கண்டுபிடித்துவிடுவான். அதனால் அரிசிக்காரர்கள் பின்பக்க ஸ்பிரிங்கில் மூன்று இரும்புப் பட்டை கூடுதலாகச் சேர்த்துவிடுவார்கள். சாக்கு இருக்கும்போது கார் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி மட்டமாகப் போகும். சாக்கை இறக்கிவிட்டால் வால் பொங்கி மேலே நிற்கும். பாறசாலை முதல் பனச்சமூடு வரை, வால் பொங்கின கார் என்றால் அரிசிக் கார் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

காந்திமதிநாதனுக்கு மட்டும் தெரியவில்லை. ரிஜிஸ்திரார் ஆபீசில் முப்பத்துமூன்று வருஷம் வேலை பார்த்து, ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்றவர். பத்திரம் எழுத வந்தவர்களிடம் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. வீட்டிலிருந்து பிளாஸ்கில் காப்பி கொண்டுபோய், அதையும் மத்தியான இடைவேளையில்தான் குடிப்பார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதர் இருந்தார் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனாலும் இருந்தார். பத்திரத்தில் ஒரு புள்ளி தப்பினால் கண்டுபிடிக்கிற அந்தக் கண், பனச்சமூட்டில் பழைய ஃபியட் வாங்கப் போன அன்று வாலைக் கவனிக்கவில்லை. "பின்ன கொஞ்சம் பொங்கி இருந்தா ரோட்டுல தட்டாது சாரே" என்று விற்றவன் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்.

அன்று முதல் செக்போஸ்ட்டில் அவர் கார் நிற்காத நாளில்லை. காய்கறி வாங்க அந்தப் பக்கம் போய் வருகிற ஒவ்வொரு தடவையும் விசில் ஊதி ஓரம் கட்டுவார்கள். அவரே இறங்கி, அவரே டிக்கியைத் திறந்து, அவரே பின்சீட்டைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே ஒரு வாழைக்குலை இருக்கும். அதற்கும் கடைக்காரனிடம் பில் எழுதி வாங்கியிருப்பார். மற்ற வண்டிக்காரர்கள் மடித்த நோட்டை நீட்டுகிற இடத்தில் இவர் வாழைக்குலை பில்லை நீட்டுவார். மானக்கேட்டில் தலையைக் குனிந்தே நிற்பதால் தடுத்தது யார், தேடியது யார் என்று ஒரு நாளும் முகம் பார்த்ததில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார். வியாழக்கிழமை தரகர் சொல்லியனுப்பிய பிறகுதான் பொறுக்க முடியாமல் போயிற்று.

மகள் ஸ்ரீகலாவுக்கு ஒரு வரன். காட்டாக்கடைக் குடும்பம், பையன் பேர் செந்தில்வேல், வரி இலாகாவில் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அம்மாவும் மாமாவும் பெண் பார்க்க வருகிறார்கள், பையன் பிறகு வருவான். இதற்கு முன்னால் மூன்று வரன்கள் வந்து, காப்பி குடித்து, போய்விட்டிருந்தன. ஸ்ரீகலா அந்த மூன்று போட்டோவையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இந்தப் போட்டோவை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தாள். இரண்டாவது தடவை பார்த்ததை அப்பா பார்த்துவிட்டார்.

"கேட்டியளா," என்றாள் மனைவி நீலாம்பாள். "வரி இலாகாக்காரன் வீட்டு ஆளுவ வந்து எறங்குனதும் மொதல்ல கண்ணுல படப்போறது ஒங்க கார் வாலாக்கும். அரிசி கடத்துக வீடுன்னு நெனச்சு காப்பி கூட குடிக்காம எழும்பிப் போவாங்க."

"ரெண்டு நாளைக்கு பக்கத்துல சோமன் வீட்டுல விட்டுருவோம்."

"கார் உண்டுன்னு தரகர் கொட்டி முழக்கியாச்சு. கார் எங்கன்னு கேட்டா? அரிசி எடுக்கப் போயிருக்குன்னு சொல்லுவியளா?"

ஞாயிற்றுக்கிழமைக்குள் வால் தாழ வேண்டும். அதுவும் செலவில்லாமல் தாழ வேண்டும், ஏனென்றால் கார் வாங்கிய பிறகு வீட்டில் காசு என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டுச் சோமன் அப்போது சுற்றுமதில் கட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்காக்கும் இந்த வெசனமா சாரே? நாலு சாக்கு மணல் தாறேன். டிக்கியில போடுங்க. வால் தன்னால எறங்கும்" என்றான்.

போட்டார்கள். இறங்கியது. காந்திமதிநாதன் காரை மூன்று சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். அவ்வளவு அழகான மட்டம். அந்தச் சந்தோஷத்திலேயே, வருகிறவர்களுக்குப் பழம் வாங்கலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். திரும்பி வரும்போது செக்போஸ்ட்டில் விசில் சத்தம் கேட்டது.

வழக்கம்போல இறங்கி டிக்கியைத் திறந்த பிறகுதான் உள்ளே இருப்பது அவருக்கு நினைவு வந்தது. காவலாள் நான்கு சாக்கையும் பார்த்தான். எத்தனை மாதத் தவம்! அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒடுவுல மாட்டியாச்சு! அரிசி!"

"அரிசி இல்ல. மணல்."

அவன் ஒரு சாக்கை அவிழ்த்துக் கையை விட்டுப் பார்த்தான். மலர்ந்த முகம் கொஞ்சம் வாடியது. உடனே மறுபடி மலர்ந்தது.

"ஆத்து மணலா? பாஸ் உண்டா?"

மணலுக்குப் பாஸ் வேண்டும் என்பது காந்திமதிநாதனுக்குத் தெரியும். மணல் குத்தகைப் பத்திரங்கள் எத்தனையோ அவர் மேஜை மேல் கிடந்திருக்கின்றன. இது பெண் பார்க்க வருகிறவர்களுக்கான மணல் என்பதால் அதற்குப் பாஸ் வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"பாஸ் இல்ல. தப்பு என் பேருலதான். பைன் எழுதுங்க. ரசீது வேணும்," என்றார், தரையைப் பார்த்தபடி.

தானாகப் பைன் கேட்கிற ஆளைக் காவலாள் தன் சர்வீசில் கண்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போனான். திரும்பி வந்து, "உள்ள சார் சொல்லுகாரு, மணல இந்தக் குண்டுல தட்டிட்டு ஒங்கள போவச் சொல்லி" என்றான். செக்போஸ்ட் வாசலில் மழையில் விழுந்த பள்ளத்தில் நான்கு சாக்கு மணலும் கொட்டப்பட்டது. ஒவ்வொரு சாக்காக இறங்க இறங்க, பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்க்க, ஃபியட்டின் வால் மெல்ல மெல்லப் பொங்கி மேலே வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் பனச்சமூடு நேசையன் ஒர்க்ஷாப்புக்குப் போனார்.

நேசையனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அயனி மரத்தடியில் தகரக் கூரை போட்ட ஒர்க்ஷாப். அளவுகோல் கிடையாது, மீட்டர் கிடையாது. கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினால் ஸ்பிரிங்கின் வயசைச் சொல்லுவான். நெய்யாற்றின்கரையில் பெரிய ஒர்க்ஷாப்காரர்கள் கைவிட்ட வண்டிகள் அவன் மரத்தடியில் வந்து உயிர் பிழைத்துப் போயிருக்கின்றன.

"புது செட்டு போட்டா ஒங்க ஒரு மாச பென்ஷன் ஆவும் சாரே," என்றான்.

"கொறஞ்ச செலவுல வழி உண்டா நேசையா?"

"பின்ன இல்லாமலா? கூட்டி வச்சிருக்க பட்டைய உருவிட்டா தீந்துது. எனக்கு ஒரு டீ வாங்கித் தாங்க, போதும்."

இரண்டு பக்கமும் மூன்று மூன்று பட்டையை உருவினான். ஜாக்கியை இறக்கினான். வால் தாழ்ந்தது. காந்திமதிநாதன் கைகூப்பினார். வால் இன்னும் தாழ்ந்தது. கூப்பிய கையை இறக்கினார். வால் நிற்காமல் தாழ்ந்துகொண்டே போய், பம்பர் தரையை முகர்ந்து பார்க்கிற உயரத்தில் போய் நின்றது. முன்பக்க விளக்குகள் அயனி மரத்தின் உச்சியைப் பார்த்தன.

நேசையன் குனிந்து கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான்.

"சாரே, கம்பெனி பட்டையெல்லாம் அரிசி சொமந்து சொமந்து நடு ஒடிஞ்சு கெடக்கு. கூட்டி வச்ச பட்டையாக்கும் இத்தன நாளும் தாங்கி நிறுத்துனது."

"இப்பம் என்ன செய்ய?"

"இன்னைக்கு வீட்டுக்குக் கொண்டு போங்க. நான் ராத்திரி யோசிக்கேன்."

வீட்டுக்குப் போகிற வழியில் செக்போஸ்ட் இருந்தது. அன்று வேறு ஷிப்ட். இருபது சாக்கு ஏற்றின மாதிரி அமுங்கி வந்த காரைப் பார்த்து மூன்று பேர் ஓடி வந்தார்கள். டிக்கியைப் பார்த்தார்கள். சீட்டைக் கழற்றினார்கள். கதவுகளைத் தட்டிச் சத்தம் கேட்டார்கள். ஸ்டெப்னி டயரில் காற்றைத் திறந்துவிட்டு, காற்றுதான் வருகிறது என்று உறுதி செய்துகொண்டார்கள்.

"ஒண்ணும் இல்லியே! பெறவு எதுவாக்கும் வண்டிய இப்படித் தாழ்த்துது?"

"விதி," என்றார் காந்திமதிநாதன்.

சனிக்கிழமை நேசையன் விடையோடு காத்திருந்தான். "பின்னால ஏத்துறதுக்குத் தானே சாரே செலவு? முன்னால தாழ்த்துறதுக்குச் செலவில்ல. முன்னையும் தாழ்ந்தா மட்டம் ஆயிரும்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்குகளை வெளியே எடுத்து, ஆக்ஸா பிளேடால் ஒன்றரைச் சுற்று அறுத்து எடுக்க வேண்டும். மரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்த மழைக்கு ரிட்டயர்டு ஹெட் கிளார்க் குடை பிடிக்க, நேசையன் குந்தி உட்கார்ந்து மத்தியானம் வரை அறுத்தான். ஆறு பிளேடு ஒடிந்தது. இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோது ஒரு நூல் வித்தியாசம் இல்லை. காந்திமதிநாதனுக்குத் தன் ஆபீசில் அருமையாக நகல் எடுக்கிற ஒரே ஒரு குமாஸ்தாவின் நினைவு வந்தது. திறமையை எங்கே கண்டாலும் அவருக்குக் கண் கலங்கிவிடும்.

காரை இறக்கியதும் நேசையன் ஒரு கிளாஸ் கட்டன் சாயாவை விளிம்பு வரை நிரப்பிக் கூரை மேல் வைத்தான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கிளாஸைப் பானெட் மேல் வைத்தான். சிந்தவில்லை. டிக்கி மேல் வைத்தான். அங்கேயும் சிந்தவில்லை. ஜங்ஷனில் நின்றவர்களெல்லாம் வந்து பார்த்தார்கள். தரையோடு தரையாகப் பதுங்கி, வெளிநாட்டுக் கார் போல் நின்றது அந்தப் பழைய ஃபியட்.

"நேசையா, நீ சாதாரண ஆளில்ல," என்றார் காந்திமதிநாதன். அவன் அந்தச் சாயாவை எடுத்துக் குடித்துவிட்டுச் சிரித்தான்.

செக்போஸ்ட்டில் யாரும் விசில் ஊதவில்லை. வீடு வரை வந்துவிட்டார். வழியில் கல் ஒவ்வொன்றும் அடியில் தட்டிக் கணக்குச் சொன்னது, ஆனாலும் வந்துவிட்டார். வீட்டுக் கேட்டில் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அவரே போன வருஷம் ஒரு சிமெண்ட் திட்டு கட்டியிருந்தார். முன்சக்கரம் இரண்டும் திட்டைத் தாண்டின. அதற்குப் பிறகு வயிறு திட்டின் மேல் உட்கார்ந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கும் அது அப்படியே உட்கார்ந்திருந்தது, பாதி தெருவில், பாதி வீட்டில். நேசையன் ஜாக்கியோடு அடியில் படுத்திருந்தான். சோமன் பம்பரைப் பிடித்திருந்தான். நீலாம்பாள் பட்டுப்புடவையில் வாசலில் நின்று யாரையும் பார்க்காமல், "வாற ஆளுவ மதில் ஏறித்தான் குதிக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. சாறல் மழைக்காகப் பக்கத்துத் தார்ப்பாயெல்லாம் இறக்கிக் கட்டியிருந்தது. டிரைவர் தலையை நீட்டினான்.

"சாரே, இங்க ஒரு வால் பொங்கின ஃபியட் உள்ள வீடு..."

காந்திமதிநாதனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஐந்தாவது ஆள்! அதுவும் இன்றைக்கு! அதுவும் ஜீப்பை எடுத்துக்கொண்டு!

"அப்படி ஒரு வீடு இந்த ஊருலயே கெடையாது! போலே!"

ஜீப் போய்விட்டது. ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தது.

"டீக்கடையில இந்த வீடுன்னு சொன்னாங்களே சாரே."

"டீக்கடக்காரன் பொய் சொல்லுகான். இன்னா நிக்கு எங்க கார். நல்லா பாரு. இதுல வால் எங்க பொங்கியிருக்கு?"

டிரைவர் இறங்கி வந்து, தலையைச் சாய்த்து நன்றாகப் பார்த்தான். நேர்மையான ஆள். "இல்ல சாரே. தட்டுல வச்ச கொழுக்கட்ட போல பதிஞ்சாக்கும் இருக்கு," என்று ஒப்புக்கொண்டு வண்டியை எடுத்தான்.

காந்திமதிநாதன் நெஞ்சை நிமிர்த்தினார். மூன்று நாள் பட்ட பாடு வீண் போகவில்லை.

"அப்பா," என்றாள் உள்ளேயிருந்து ஓடி வந்த ஸ்ரீகலா. "ஜீப்பு திரும்பும்போ பின்பக்கம் தெரிஞ்சுது, உள்ள ஒரு அம்மா தட்டுல பூவும் பழமும் வச்சுட்டு இருக்காங்க. அரிசிக்காரங்க பூ கொண்டா வருவாங்க?"

நேசையன் காருக்கு அடியிலிருந்து, "கர்த்தாவே" என்றான்.

காந்திமதிநாதன் கால் அசையாமல் நின்றார். நீலாம்பாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்ரீகலா மட்டும் நிற்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டின பட்டைக் கணுக்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சொந்தக் காரின் பானெட் மேல் ஏறி, கூரை மேல் நடந்து, டிக்கி வழியாகத் தெருவில் குதித்தாள். நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டி ஜீப்பை மறித்தாள். கார் அவ்வளவு தாழ்ந்திருந்ததால்தான் அது முடிந்தது என்று நேசையன் பிறகு எல்லோரிடமும் சொன்னான். என்னைக் கேட்டால் அவளால் லாரியையும் தாண்டியிருக்க முடியும்.

பையனின் அம்மாவும் மாமாவும் அதே வழியாகக் கார் ஏறி இறங்கிக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். காப்பி வந்தது. மாமா இரண்டு தடவை வாசல் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அந்தக் கார்..."

காந்திமதிநாதன் எழுந்து நின்றார். முப்பத்துமூன்று வருஷம் மறைக்காமல் வாழ்ந்தவருக்கு மூன்று நாள் மறைத்ததே தாங்கவில்லை.

"மன்னிக்கணும். நீங்க தேடுன அந்த வால் பொங்கின ஃபியட் இதாக்கும். தெரியாம வாங்கிட்டேன். நாங்க அரிசிக்காரங்க இல்ல. நீங்க தப்பா நெனச்சுரக் கூடாதுன்னு நான்தான் தாழ்த்தினேன். என் பிள்ளைக்கு இந்த எடம் பிடிச்சிருக்கு. என்னால அது இல்லாமப் போச்சுன்னா எனக்குத் தாங்காது."

அம்மாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீலாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். கதவுக்கு அப்பால் வளையல் சத்தம் நின்றுபோயிற்று.

வாசற்படியில் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஜீப் டிரைவர் சஜி தலையில் கை வைத்தான்.

"ஐயோ சாரே, என்ன பணி காட்டிட்டிய! அந்த வாலக் கண்டு பதினாறு தடவ நிறுத்திப் பாத்தும், ஒரு மணி அரிசியோ ஒரு ரூவா கைமடக்கு நீட்டுன கையோ காணாத செக்போஸ்ட் ஆபீசராக்கும் எங்க செந்தில் சாரு; கெட்டுனா அந்த வால் பொங்கின வண்டிக்காரர் மகளத்தான் கெட்டுவேன்னு வீட்டுல ஒத்தக்கால்ல நிக்காரு!"